அப்பா வெட்டிய சொல்

பொத்தானை அழுத்தினால் கீழே போகிறது. மேலே வருவதில்லை. பழுது அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மாலை, மொன்றியல் புறநகரான ரொக்ஸ்பரோவில் தங்கள் வீட்டின் கீழறையில் துஷாந்தினியும் அவளுடைய அப்பா அரியரத்தினமும் அந்தப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எதிரெதிரே இருந்தார்கள். அது வானொலி நிலையத்தில் வைக்கும் பெட்டி. நேரடி நிகழ்ச்சியில் தொலைபேசியில் வருகிற யாராவது தகாததைச் சொல்லிவிட்டால் அது காற்றில் போகாமல் தடுப்பதற்கானது. உள்ளே வரும் பேச்சை அரை நிமிடம் பிடித்து வைத்திருந்து பிறகுதான் வெளியே விடும். அதற்குள் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பிடித்து வைத்தது அழிந்துவிடும். பொத்தான் மேலே வரும்வரை அந்த இடத்தில் வீணை ஒலிக்கும். துஷாந்தினி பொறியியல் கடைசி ஆண்டில் இருந்தபோது அப்பாவின் சனிக்கிழமை நிகழ்ச்சிக்காகச் செய்து கொடுத்தது.

"சுருள்கம்பி இறுகிப் போச்சு," என்றாள். "இத்தனை வருசமும் ஒருக்காவும் அமத்தாட்டி இப்பிடித்தான்."

"அமத்தக் கூடாதெண்டுதானே வைச்சிருந்தனான்."

"பேந்தேன் செய்யச் சொன்னனீங்கள்?"

"ரேடியோ ஸ்ரேசன்காரர் கேட்டவை. பெட்டி இருக்கோணும் எண்டவை. அமத்தோணும் எண்டு அவை சொல்லேல்லை."

அவர் ரோச் லைட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் அவள் வேலை செய்யும் இடத்தில் நிற்காமல் மேசையெல்லாம் அலைந்தது.

"லைட்டை இஞ்சை பிடியுங்கோ, அப்பா. நீங்கள் பாக்கிற இடத்திலை இல்லை. நான் பாக்கிற இடத்திலை."

"நீ பாக்கிற இடம் எனக்கென்னெண்டு தெரியும்?"

பழைய பொத்தானைக் கழற்றிப் புதியதைப் பற்றவைத்தாள். நல்ல பொத்தான். அழுத்தினால் இறங்கியது, விட்டதும் ஏறியது. நாலைந்து தடவை அழுத்திப் பார்த்துவிட்டு அவரிடம் தள்ளினாள். அவர் விரலை அருகே கொண்டுபோய்த் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"சரி சரி. வேலை செய்யுது."

மூடியைப் பூட்டும்போது சொன்னார்: "சனிக்கிழமை முதலாவது அழைப்பு மருதமுத்துத் தம்பிக்கு. நீயும் வா. தியாகலிங்கத்தாரை நம்பேலாது, அந்தாள் வேற ஆருக்காவது லைனைக் குடுத்துப்போடும். முதல்லை நான் ஒரு விசயம் சொல்லோணும். அதுக்குப் பிறகு அவர் கதைக்கட்டும்."

"என்ன விசயம்?"

"சனிக்கிழமை கேளன்."

அவள் வற்புறுத்தவில்லை. மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டும். பற்றவைக்கும் கருவி ஆறவில்லை என்பதும் கவனத்தில் இருந்தது. அந்த மாலையில் அவள் கவனித்தவை இப்படிப்பட்டவைதான்.

வெள்ளிக்கிழமை காலை அரியரத்தினம் பெட்டியைக் காரில் ஏற்றினார். முன் இருக்கையில் வைத்து, ஆளுக்குப் போடுவதுபோல இருக்கைப் பட்டியையும் போட்டார். காரின் கதவைச் சாத்தவில்லை. அதற்கு முன்னே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்துவிட்டார். அம்மா சிவநேசம் குப்பைப் பையோடு வெளியே வந்தபோது கதவு திறந்திருந்ததற்காகக் கார் கத்திக்கொண்டிருந்தது. அவர் சத்தமின்றிக் கிடந்தார்.

*

அரியரத்தினம் எண்பதுகளின் கடைசியில் அகதியாக மொன்றியலுக்கு வந்தவர். ஊரில், யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிப் பக்கம், சங்கக்கடை எனப்படும் கூட்டுறவுக் கடை ஒன்றில் வேலை. வந்த புதிதில் ஜான்-டலோன் சந்தையில் ஒரு இத்தாலியனிடம் தக்காளிப் பெட்டி தூக்கினார். பிரெஞ்சு எண்கள் முழுக்க அங்கே விலை கூவிக் கூவி வந்தவை. அதனால் அவருக்குப் பிரெஞ்சில் எண்ணச் சொன்னால் கடைசிவரை கத்தித்தான் எண்ணுவார். பிறகு குளிரூட்டிக் களஞ்சியம் ஒன்றில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றார். மேல்நாட்டுப் படிப்பு எதுவும் இல்லை. ஆங்கிலம் தொலைக்காட்சியிலிருந்து வந்தது.

வானொலி சம்பளமில்லாத வேலை. மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு மாடியில் இயங்கும் சமூக வானொலி. பல மொழிக்காரர்களுக்கும் மணித்தியாலக் கணக்கில் பங்கு பிரிப்பார்கள். தமிழுக்குச் சனிக்கிழமை முற்பகல். நிகழ்ச்சியின் பெயர் 'நீங்கள் கதையுங்கோ'. அரியரத்தினம் நடத்துவார். அவருடைய நண்பர் தியாகலிங்கம் எதிரே இருந்து ஒலியைப் பார்த்துக்கொள்வார். ஒவ்வொரு அழைப்பையும் அப்பா ஒரே சொல்லால்தான் திறப்பார்: "கதையுங்கோ." வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, அனுசரணையாளருக்கு நன்றி கூறும் வழக்கமெல்லாம் அவரிடம் இல்லை.

ஆரம்பத்தில் மரண அறிவித்தல், குடிவரவுச் சட்டம், வீட்டுக் கூரையில் பனி உறைந்தால் என்ன செய்வது என்றுதான் ஓடியது. பிறகு அமெரிக்கத் தேர்தல்கள் வந்து எல்லாவற்றையும் விழுங்கின. எல்லை ஒரு மணி நேரத் தூரம். நேயர்களில் பாதிப்பேருக்கு அந்தப் பக்கம் ஒரு தங்கையோ மச்சானோ இருந்தார்கள். கைத்தொலைபேசி வழியாக அங்கிருந்தும் கேட்டார்கள். கனடாத் தேர்தலைப் பற்றி நிகழ்ச்சி வைத்தால் ஒரு மணி நேரத்தில் இரண்டு பேர் எடுப்பார்கள். அதில் ஒருவர் எண்ணைப் பிழையாக அழுத்தியவராக இருப்பார். அமெரிக்கத் தேர்தல் என்றால் தொலைபேசி இணைப்புகளின் எல்லா விளக்கும் எரியும்.

இம்முறை பேச்சு முழுவதும் ஒரே ஆளைப் பற்றியது. எல்லைக்கு அப்பால் ஒரு மாநிலத்தில் செனற் சபைக்கு நின்ற வேட்பாளர். நேயர்கள் அவரை 'அந்தாள்' என்றார்கள். அந்தாள் மேடையில் ஏறினால், வதிவிடக் கடதாசி இல்லாத குடியேறிகளுக்குத் தங்க இடம் கொடுத்த ஊர்க்காரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் ஊளையிடும். வாயைக் கட்ட வேண்டும் என்றார்கள் சிலர். அமெரிக்கச் சட்டம் கட்டாது. கூட்டத்தை அந்த இடத்திலேயே கைகலப்புக்கு ஏவினால்தான் கை வைக்கும். கனடாவில் ஒரு கூட்டத்தார் மீது வெறுப்பைத் தூண்டினால் அதற்கென்று சட்டம் இருக்கிறது. இரண்டில் எது சரி? இதுதான் வாராவாரம் கேள்வி.

அப்பா பக்கம் எடுக்க மாட்டார். ஆனால் அவருடைய நிலை எல்லோருக்கும் தெரியும். "கதைக்க விட்டால்தான் அவன் என்ன கதைக்கிறான் எண்டு விளங்கும். வாயைக் கட்டினா பிறகு மனசுக்கை என்ன கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்?" என்பார். அதற்காக ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தாளின் பேச்சில் ஒரு துண்டைத் தமிழில் சொல்வார். கூட்டிக் குறைக்காமல் சொல்வார் என்று பெயர். அந்தப் பெயரை அவர் சொத்துப்போல வைத்திருந்தார்.

மருதமுத்து மதுரைக்காரர். நியூ ஜெர்சியில் மென்பொருள் வேலை செய்து, விசா சிக்கலில் அங்கிருந்து கிளம்பி, மொன்றியலில் வேலை தேடிக்கொண்டவர். தனக்கு வாக்கு இல்லாத தேசத்தின் தேர்தலை வாக்கு இருப்பவரைவிட நுணுக்கமாகப் பார்த்தவர். அவர் முதல்முறை எடுத்தபோது அப்பா வழக்கம்போல் "கதையுங்கோ தம்பி" என்றார்.

மறுமுனையிலிருந்து, "என்ன கதை சார்? எனக்குக் கதையெல்லாம் சொல்ல வராது சார். ஒரு கேள்வி கேக்கலாம்னு போட்டேன்."

தியாகலிங்கம் சிரித்துக் கதிரையிலிருந்து வழுக்கிவிட்டார். யாழ்ப்பாணத்தில் கதைப்பது என்றால் பேசுவது என்று அப்பா விளக்கினார். "அப்ப எங்க ஊர்ல 'கதை விடாத'ன்னா பொய் சொல்லாதன்னு அர்த்தம் சார். நான் பயந்துட்டேன்," என்றார் மருதமுத்து. அன்று முதல் அவர் வாராவாரம் எடுத்தார். அப்பா கேட்கும் முன்னே, "கதை இல்ல சார், கேள்விதான்," என்பார். நேயர்களுக்கும் அது பழகிவிட்டது.

*

பெட்டியைத் திருத்திய வியாழனுக்கு முன்னால், அப்பா பொத்தானை அழுத்திய சனிக்கிழமை துஷாந்தினி காரில் இருந்தாள். வானொலியில் மருதமுத்து, "சார், நீங்க மொழிபெயர்த்ததுல ஒரு வார்த்தை..." என்றார். அதோடு வீணை.

அவளுக்குப் பெட்டி வேலை செய்கிறது என்பதுதான் முதல் நினைப்பு. அடுத்தது, ஏன் என்பது. வீணை நிற்கவில்லை. அவள் பதிவு செய்துகொடுத்த அந்தச் சிறு துண்டே திரும்பத் திரும்ப வந்தது. வீதித் திருத்த வேலையின் செம்மஞ்சள் கூம்புகளுக்கிடையில் ஊர்ந்தபடி நிகழ்ச்சி முடியும் நேரம்வரை அதைக் கேட்டாள். பொத்தான் கீழேயே சிக்கிவிட்டது. நிலையத்தில் இருந்தவர்களுக்கு அதை எடுக்கத் தெரியவில்லை.

நேயர்களுக்கு இது தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், எவருடைய பேச்சையும் வெட்டாத அரியண்ணை ஒருவனின் பேச்சை வெட்டினார், வெட்டிவிட்டு நிகழ்ச்சியையே விட்டு எழுந்து போய்விட்டார் என்பது. அப்படியென்றால் அவன் சொன்னது எவ்வளவு கேவலமாக இருக்க வேண்டும்? பின்னேரத்துக்குள் பதில்கள் தயாராகிவிட்டன. சாதி சொல்லித் திட்டினானாம். போரில் செத்தவர்களைப் பற்றிச் சொன்னானாம். இல்லை, அரியண்ணையின் பெண்சாதியைப் பற்றியாம். ஞாயிற்றுக்கிழமை யாரோ மருதமுத்துவின் படத்தை முகநூலில் போட்டு, கீழே 'துரோகி' என்று எழுதினார்கள். அவருடைய மகளைப் பகலில் பார்த்துக்கொண்ட நிரோஜா என்ற யாழ்ப்பாணப் பெண், "இனிக் கொண்டு வராதேங்கோ, எனக்கேன் வில்லங்கம்," என்று சொல்லிவிட்டாள்.

அப்பா அந்தப் படத்தைப் பார்த்ததைத் துஷாந்தினி பார்த்தாள். கைத்தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். எழுந்து போய்க் கைகழுவினார். திரும்பி வந்து மறுபடி எடுத்துப் பார்த்தார். மறுபடி போய்க் கைகழுவினார்.

மருதமுத்து என்ன சொன்னார் என்று அவள் கேட்டாள். "அவர் ஒண்டும் பிழையாச் சொல்லேல்லை," என்றார். அதற்குமேல் இல்லை.

*

அந்தச் சனிக்கிழமை நிகழ்ச்சி நடக்கவில்லை. அடுத்த வாரம், அப்பாவின் உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபம் நிரம்பி வழிந்தது. துஷாந்தினிக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கை குலுக்கினாள், தேநீர்க் கோப்பைகளை அடுக்கினாள், ஒலிபெருக்கியில் மெல்லிய இரைச்சல் வந்ததைக் கண்டுபிடித்து வயரைச் சரிசெய்தாள். அப்பாவைப் பார்க்கப் போனால் சட்டைப்பையில் பேனை இல்லாதது கண்ணில் பட்டது. அதற்காகக் காரில் தேடப் போனாள்.

தரிப்பிடத்தின் கோடியில் ஒருவர் கையில் பூமாலையுடன் நின்றார். உள்ளே போகவில்லை, புறப்படவும் இல்லை. படத்தில் பார்த்த முகம்.

"மருதமுத்து நீங்கள்தானே?"

"ஆமாங்க மேடம். நான் கிளம்பிடுறேன். உள்ள ஒருத்தர் வேண்டாம்னு சொல்லிட்டாரு. பரவால்ல, இதை மட்டும் சார்கிட்ட வச்சிடுங்க."

மாலையை வாங்கிக்கொண்டாள். அது கனத்தது.

"அண்டைக்கு என்ன சொன்னனீங்கள்?"

அவர் அவளை நம்பாமல் பார்த்தார். "சார் உங்ககிட்டயும் சொல்லலையா?"

"இல்லை."

"அந்த ஆள் பேசினதை சார் தமிழ்ல சொன்னாரு. 'நாட்டுக்கு ஒத்துவராதவை'ன்னு. நான் என்ன சொன்னேன்? 'சார், அவன் ஒத்துவராதவங்கன்னு சொல்லல. இங்கிலீஷ்ல தெளிவா சொல்றான், துரோகிங்கன்னு. நீங்க அதை அப்படியே சொன்னாத்தானே அவன் எவ்ளோ மோசம்னு கேக்குறவங்களுக்குத் தெரியும். நீங்க மழுப்பினா அவனுக்குத்தான் லாபம்'னேன். அவ்ளோதான் மேடம். அந்த வார்த்தையைப் பத்தி இவ்ளோ பேசினதும் லைன் போச்சு."

"துரோகி?"

"அதேதான். அதுல என்ன இருக்குன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. எங்க ஊர்ல எலெக்‌ஷன் வந்தா சுவத்துக்குச் சுவரு அதான் எழுதியிருக்கும். கட்சி மாறினா துரோகி. சீட்டுக் கொடுக்கலேன்னா தலைவரே துரோகி. அடுத்த எலெக்‌ஷன்ல ரெண்டு பேரும் ஒரே மேடையில ஒரே சால்வைக்குள்ள நிப்பாங்க." சிரிக்க முயன்றார். வரவில்லை. "அன்னிக்கு சாயங்காலம் சார் போன் பண்ணாரு. 'தம்பி, பொத்தான் பழுது. ஆனா அமத்தினது நான். சனிக்கிழமை ரேடியோவில நானே சொல்லிடுறேன், அதுவரை பொறுங்கோ'ன்னாரு. நானும் பொறுத்தேன். இப்ப நான் போய் யார்கிட்ட சொல்ல முடியும்? நானே சொன்னா கதை விடுறேன்னுதானே சொல்வாங்க? என் ஒய்ஃப் டொரோண்டோ போயிடலாம்னு சொல்றா. வேலை இங்க, மேடம்."

உள்ளிருந்து யாரோ துஷாந்தினியைக் கூப்பிட்டார்கள். தேவாரம் தொடங்கப் போகிறதாம்.

"சனிக்கிழமை போனைக் கிட்ட வைச்சிருங்கோ," என்றாள்.

சொல்லிவிட்டு நடக்கும்போதுதான், அப்பா கொடுத்த வாக்கை மறுபடி கொடுத்துவிட்டதும், என்ன சொல்லப் போகிறோம் என்பது தனக்குத் தெரியாததும் உறைத்தது.

*

அப்பாவை எரித்துவிட்டு வந்த நாள் பின்னேரம். அம்மா சமையலறையில் சுத்தமான பாத்திரங்களை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா அண்டைக்கு வெட்டின சொல் துரோகி."

அம்மா தண்ணீரை நிறுத்தவில்லை. "தெரியும்."

"அந்தாள் சொன்னதைத்தானே மருதமுத்து சொன்னவர். தன்ர சொல்லாச் சொல்லேல்லையே."

"ஆர் சொன்னா என்ன? அந்தச் சொல்லை உன்ர அப்பா இந்த வீட்டுக்கை சொல்லி நீ கேட்டிருக்கிறியா? பகிடிக்கு? கோவத்திலை? டீவியைப் பாத்து?"

துஷாந்தினி யோசித்தாள். அப்பா கோபத்தில் பல சொற்கள் சொல்வார். விசரன், அலுக்கோசு, மூதேவி. அது மட்டும் இல்லை.

அம்மா தண்ணீரை நிறுத்தினாள். "சங்கக்கடையிலை அவைக்கு ஒரு மனேச்சர் இருந்தவர். சீனி வாற நாள் பெரிய லைன் நிக்கும். ஒருநாள் சீனி முடிஞ்சுபோச்சு. லைனிலை நிண்ட ஆரோ பகிடிக்குச் சொன்னவை, 'மனேச்சர் ஆமிக்காரருக்கு எடுத்து வைச்சிட்டார், துரோகி' எண்டு. எல்லாரும் சிரிச்சவை. மனேச்சரும் சிரிச்சவராம். அந்தக் கிழமை முடிய முதல் அவரைச் சுட்டு லைட் போஸ்ற்றிலை கட்டியிருந்தது. கழுத்திலை ஒரு காட்போட் மட்டை. மட்டையிலை அந்தச் சொல்."

"ஆர் செய்தது?"

"ஆர் எண்டு கேக்கிற காலமே அது? அவிட்டு இறக்கப் போன ஆக்களிலை உன்ர அப்பாவும் ஒராள்." கையைத் துடைத்தாள். "அந்தாளின்ர பேச்சைத் தமிழாக்கிற நேரம் அந்தச் சொல் வந்தால் இவருக்கு வாய் வராது. எனக்கு முதலே தெரியும். எப்பவோ ஒருநாள் ஆராவது பிடிப்பினம் எண்டு நினைச்சனான். அந்தப் பெடியன் பிடிச்சுப்போட்டான்."

"சனிக்கிழமை இதைத்தான் சொல்ல இருந்தவரா?"

"ஓம். மனேச்சரின்ர பேரைச் சொல்லித் தொடங்கப் போறன் எண்டவர். பேரில்லாமல் சொன்னால் கதையாப் போயிடுமாம்."

"என்ன பேர்?"

"எனக்கென்னெண்டு தெரியும்? இவ்வளவு காலமும் மனேச்சர், மனேச்சர் எண்டுதான். நான் கேட்டதும் இல்லை."

துஷாந்தினி கீழறைக்குப் போனாள். காரிலிருந்து எடுத்து வந்த பெட்டி மேசையில் இருந்தது. பொத்தானை அழுத்தினாள், விட்டாள். அழுத்தினாள், விட்டாள். அப்பா மழுப்பியது உண்மை. கூட்டிக் குறைக்காத மனிதர், ஒரு சொல்லைக் குறைத்தார். குறைத்ததைச் சுட்டியவனின் வாயை அடைத்தார். அப்பா காற்றில் போகவிடாமல் பிடித்த அந்தச் சொல், அதைச் சொன்னவனின் படத்துக்குக் கீழேயே போய் ஒட்டிக்கொண்டது. ஏன் செய்தார் என்பதும் உண்மை. இரண்டும் ஒன்றையொன்று அழிக்கவில்லை. பொறியியலில் இப்படி வந்தால் எங்கோ அளவு பிழை என்று திரும்ப அளப்பாள். இதில் பிழை இல்லை.

*

சனிக்கிழமை பார்க் எக்ஸ்டென்ஷனில் கார் விட இடம் கிடைக்கவில்லை. ஒரே வட்டாரத்தை மறுபடி மறுபடி சுற்றினாள். கடைசியில் ஒரு டெப்பனர், அதாவது மூலைக்கடை, முன்னால், நிறுத்தலாமா கூடாதா என்று சொல்லும் பலகையை வாசித்து முடிக்காமலே விட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினாள்.

தியாகலிங்கம் அப்பாவின் கதிரையை ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார். அவருடைய கண்கள் வீங்கியிருந்தன. பெட்டியை அவளே பொருத்தினாள்.

"முதல் அழைப்பு மருதமுத்துவுக்கு," என்றாள்.

"பிள்ளை, இண்டைக்கு அஞ்சலி. அரியரத்தினத்தைப் பற்றிச் சனம் கதைக்கட்டும். அந்தப் பிரச்சினையைப் பேந்து ஒருநாள் பாப்பம்."

"அப்பா குடுத்த வாக்கு, மாமா. போன கிழமைக்குரியது."

"அந்தப் பெடியன் திரும்ப அந்தச் சொல்லைச் சொன்னா?"

அவள் நிமிர்ந்தாள். "என்ன சொல்லெண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"நான் இந்தக் கதிரையிலைதானே இருந்தனான். காதிலை விழுந்தது."

"தெரிஞ்சுகொண்டுதான் ஊர் என்னென்னவோ சொல்லேக்கை பேசாமல் இருந்தனீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ இஞ்சை பள்ளிக்கூடத்திலை படிச்ச சொல் அது. நான் அதைப் படிச்ச இடம் வேற. அமெரிக்கன் சொல்லட்டும், மதுரையிலை சுவரிலை எழுதட்டும். என்ர கையாலை அதைக் காத்திலை விடமாட்டன். ஆரும் சொன்னா அமத்துவன். இப்பவே சொல்லிப்போட்டன்."

"அமத்துங்கோ," என்றாள். "பொத்தான் இப்ப நல்லா வேலை செய்யும்."

சிவப்பு விளக்கு எரிந்தது. தியாகலிங்கம் நாலு வசனம் சொன்னார். அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவளுக்கு மேடைப் பேச்சுப் பழக்கமில்லை. எழுதி வரவும் இல்லை. ஒலிவாங்கியைச் சற்றுத் தள்ளி வைத்தாள்.

"நான் அரியரத்தினத்தின்ர மகள் துஷாந்தினி. அப்பா போன சனிக்கிழமை ஒரு விசயம் சொல்ல இருந்தவர். அவருக்குப் பதிலா நான் சொல்லுறன். அதுக்கு முதல் சனிக்கிழமை மருதமுத்துவின்ர அழைப்பை அவர் வெட்டினவர். பேந்து வீணை போனதுக்குக் காரணம் பொத்தான் இறுகினது. அவர் எழும்பிப் போகேல்லை. மருதமுத்து ஆரையும் திட்டேல்லை. அந்த வேட்பாளர் சொன்ன ஒரு சொல்லை அப்பா மாத்திச் சொன்னவர். மருதமுத்து சரியான சொல்லைச் சொன்னவர். அந்தச் சொல்..."

தியாகலிங்கத்தின் கை பொத்தானுக்கு மேலே வந்து நின்றது.

"அந்தச் சொல் துரோகி. மொழிபெயர்ப்பு சரி. பிழை அப்பாவின்ரது. அவர் ஏன் மாத்தினவர் எண்டால், அவருக்குத் தெரிஞ்ச ஒராளை அந்தச் சொல்லை எழுதிக் கழுத்திலை போட்டு லைட் போஸ்ற்றிலை கட்டினவை. அதாலை அவருக்கு அது வாயிலை வரேல்லை. அவ்வளவுதான்."

நிறுத்தினாள். நடைக்கூடத்தில் ஒரு சிறிய வானொலி எப்போதும் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். வெளியே என்ன போகிறது என்று பார்ப்பதற்கு. அவள் நிறுத்திய பிறகும் அது பேசிக்கொண்டிருந்தது. அவளுடைய குரல்தான், அரை நிமிடம் பின்னால். "...மருதமுத்து ஆரையும் திட்டேல்லை..." தியாகலிங்கத்தின் விரல் பொத்தானைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. நடைக்கூடத்துப் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "...மருதமுத்து சரியான சொல்லைச் சொன்னவர். அந்தச் சொல்..."

வீணை வரவில்லை. சொல் வந்தது.

தியாகலிங்கம் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மற்றக் கையால் அதைப் பிடித்துக்கொண்டார்.

துஷாந்தினி முதல் இணைப்பைத் திறந்தாள். "கதையுங்கோ."

"வணக்கம் சார்," என்றார் மருதமுத்து. உடனே, "மன்னிச்சிடுங்க, மேடம். பழக்கம்." தொண்டையைச் செருமினார். "கதை இல்ல மேடம். கேள்வியும் இல்ல இன்னைக்கு. அந்த வார்த்தைக்கு உங்க ஊர்ல இந்த வெயிட்டுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா சார்கிட்ட வேற மாதிரி கேட்டிருப்பேன். ஆனா கேக்காம இருந்திருக்க மாட்டேன். அந்த ஆள் மைக்கைப் பிடிச்சு அதைத்தான் சொல்றான். அவன் பேர் வாசிச்ச வீட்டு வாசல்ல நாளைக்கு என்ன நடக்கும்னு இந்த ரேடியோ கேக்குறவங்களுக்குத்தான் எல்லாரையும் விட நல்லாத் தெரியும். அதை மறைச்சு மென்மையாக்கிச் சொன்னா எப்படி? சார் உயிரோட இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். என் பொண்ணு சார் குரலைக் கேட்டா சிரிப்பா. அவ்ளோதான், வச்சிடறேன்."

எல்லா விளக்கும் எரிந்தது. அடுத்ததைத் திறந்தாள். வயதான ஆண் குரல், ஆத்திரத்தில் மூச்சு வாங்கியது. "பிள்ளை, செத்த வீட்டிலை நிண்டுகொண்டு தகப்பனிலை பிழை சொல்லுறியோ? அரியண்ணை இருந்திருந்தால் இந்தச் சொல்லை ரேடியோவிலை விட்டிருப்பாரோ?"

"விட்டிருக்க மாட்டார்," என்றாள். "அண்டைக்கு விடேல்லைத்தானே. நீங்கள் கதையுங்கோ."

அவர் கதைத்தார். கடுமையாகக் கதைத்தார். தியாகலிங்கம் ஒருமுறை பொத்தானைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அவள் கைகள் இரண்டும் மேசையில் இருந்தன. நிரோஜா எடுக்கவில்லை. எடுப்பாள் என்று துஷாந்தினி எதிர்பார்த்தாளா என்பது அவளுக்கே தெரியவில்லை. நேரம் முடியும்வரை ஒவ்வொரு விளக்கையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே இறங்கியபோது காரில் அபராதத் துண்டு செருகியிருந்தது. பெட்டியை முன் இருக்கையில் வைத்து இருக்கைப் பட்டியைப் போட்டாள். புறப்படவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் வரிசையாக மனதில் ஓட்டிப் பார்த்தாள். பொத்தான் பழுது, சொன்னாள். மொழிபெயர்ப்பு, சொன்னாள். மருதமுத்து, முதல் அழைப்பு கொடுத்தாள். லைட் போஸ்ற், அதையும் சொன்னாள். 'அவருக்குத் தெரிஞ்ச ஒராள்' என்று சொன்னாள். அப்பா அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். பெயரில் தொடங்கியிருப்பார்.

அந்த மனேச்சரின் பெயர் மட்டும் சொல்லாமல் கிடக்கிறது.